கொதித்தும் சாகாத கிருமி: கேள்வி பதில்

மதுரையில் ஒரு நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். சில பாக்டீரியாக்கள் கெட்ட காலத்தைத் தாண்ட விதை மாதிரி கெட்டியான உறைக்குள் உறங்கிக் கிடக்கும்; அந்த வடிவம்தான் ஸ்போர். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கோரிப்பாளையம், மெஸ் நடத்துபவர்: மத்தியானம் மிஞ்சிய சோற்றை ராத்திரி ஆவி பறக்கச் சூடு பண்ணி எலுமிச்சை சாதமாகக் கிளறுகிறோம். அதில் என்ன ஆபத்து?

அண்ணே, சூடு பண்ணுவதில் குறையில்லை. இடையில் கிடந்த நேரம்தான் கோளாறு. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் ஸ்போர்கள் அரிசியோடு ஒட்டிக்கொண்டே வரும். உலை கொதித்தால் சாதாரணக் கிருமி செத்துவிடும். ஸ்போர்களில் கொஞ்சம் தப்பிக்கும். அண்டாவில் குவித்து மூடிய சோற்றுக்குள் கையை விட்டுப் பாருங்கள், மேலே ஆறியிருந்தாலும் நடுவில் வெதுவெதுவென்று இருக்கும். முளைத்துப் பெருக அதுதான் தோது. அப்போது அது விடும் வாந்தி நச்சு 121 டிகிரியையே தாங்கும். மறுபடி சூடு பண்ணினாலும் போகாது, எலுமிச்சை பிழிந்தாலும் போகாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி ஆரம்பிக்கும். மிஞ்சியதை அகலத் தட்டில் பரப்பி, சீக்கிரம் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

கல்லூரி மாணவி: கொதிக்கும் சூட்டைத் தாங்க ஸ்போருக்குள் என்னதான் இருக்கிறது?

என்ன இல்லை என்று கேளும்மா. தண்ணீர் மிகக் குறைவு. அந்த இடத்தில் டைபிகோலினிக் அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து அடைத்திருக்கும். டிஎன்ஏ மேல் சின்னச் சின்னப் புரதங்கள் போர்த்தியிருக்கும், வெளியே பல அடுக்கு உறை. தின்பதும் இல்லை, பெருகுவதும் இல்லை. 1877-இல் ஜான் டிண்டால் என்ற இயற்பியலாளர் இதைக் கொல்ல ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். ஒரு தடவை கொதிக்கவைத்துவிட்டு, தப்பியது முளைக்க அவகாசம் கொடுத்து, முளைத்ததும் மறுபடி கொதிக்கவைப்பது. எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை இது. இப்போது ஆட்டோகிளேவ் என்ற, பிரஷர் குக்கர் மாதிரியான கருவியில் 121 டிகிரி நீராவியில் 15 நிமிடம், அவ்வளவுதான்.

இன்னொருவர்: கையில் ஒட்டிய ஸ்போர் சானிடைசர் போட்டால் போகுமா?

போகாது. சோப்புப் போட்டுத் தேய்த்து, ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். சாகாவிட்டாலும் கையை விட்டுப் போய்விடும்.

உசிலம்பட்டி, ஆடு வளர்ப்பவர்: நேற்று நன்றாக மேய்ந்த ஆடு காலையில் செத்துக் கிடக்கிறது. மூக்கில் கறுப்பாக ரத்தம். அடைப்பான் என்கிறார்கள். அறுத்துக் கறியைப் பங்கு போடலாமா?

ஐயா, கத்தியே வைக்காதீர்கள். உரிக்கவும் வேண்டாம். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) கிருமி உடம்புக்குள் இருக்கும்வரை ஸ்போர் ஆகாது. காற்றுப் பட்டால்தான் ஆகும். அறுக்காமல் விட்டால் உள்ளே அழுகும்போது பெரும்பாலும் அதுவும் அழியும். அறுத்தால் ரத்தம் சிந்திய மண்ணில் பல வருஷம் கிடக்கும். ஸ்காட்லாந்தின் குருயினார்ட் தீவில் 1942-இல் போர்ச் சோதனைக்காக இந்த ஸ்போர்களைத் தூவினார்கள்; 1990-இல்தான் அந்தத் தீவைப் பாதுகாப்பானது என்று அறிவிக்க முடிந்தது. வெறுங்கையால் தொடாமல், நாய் அண்டாமல் பார்த்துக்கொண்டு, உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். மிச்ச ஆடுகளுக்குத் தடுப்பூசி பற்றியும் அவரிடமே கேளுங்கள். ஆட்டைத் தொட்டவர் யாருக்காவது தோலில் கறுத்த புண் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள்.