கோப்பி ஓ நிறத்தில் ஒரு நாள்

கேள்வி: வயது 43. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளர். நான்கு மாதம் விட்டுப்போன குங்ஃபூ வகுப்புக்கு மூன்று வாரமாக மறுபடி போகிறேன். சமூக மன்றத்தில் இரவு 8 முதல் 9.30 வரை, தென்சீனப் பாணி. கால்களை அகட்டிப் பாதி உட்கார்ந்தபடி நிற்கும் குதிரை நிலையில் ஒரு நிமிடம் நின்றாலே தொடை வெடவெடக்கிறது. இணையத்தில் பார்த்தால் நரம்பு நோய் என்கிறார்கள், பயமாக இருக்கிறது. முழங்கால் சொடுக்குகிறது, முன்கையில் நீலத் தழும்பு, இரவில் தூக்கமில்லை. வலிக்காமல் இருக்க வகுப்புக்கு முன்பே ஒரு டைக்ளோஃபெனாக் போட்டுக்கொள்கிறேன். கொழுப்புக்கு ஸ்டாட்டின் மாத்திரை உண்டு. முதல் வகுப்புக்கு மறுநாள் மட்டும் சிறுநீர் கோப்பி ஓ (பால் சேர்க்காத கறுப்புக் காப்பி) மாதிரி போனது, தண்ணீர் குடித்ததும் சரியாகிவிட்டது. இந்த வயதில் இதை விட்டுவிடலாமா டாக்டர்?

பதில்: நீங்கள் எழுதியிருப்பது நரம்பு நோய் நடுக்கம் அல்ல. தாழ்ந்த குதிரை நிலையில் தொடையின் தசைநார்கள் முறை வைத்து வேலை பார்க்கின்றன. ஒரு கூட்டம் இழுக்கும்போது இன்னொன்று இளைப்பாறும். களைப்பு ஏறியதும் இளைப்பாற ஆளில்லாமல் எல்லாம் சேர்ந்து விட்டுவிட்டு இழுக்கின்றன. நீங்கள் பார்ப்பது அதைத்தான். உங்கள் குங்ஃபூ ஆசான் சீஃபுவுக்கும் நடுங்கும், கொஞ்சம் தாமதமாக. எழுந்து நாலு எட்டு நடந்ததும் அடங்கிவிட்டால் அந்தப் பேச்சை விடுங்கள். பார்க்கின்சன் நடுக்கம் கை மடியில் சும்மா கிடக்கும்போது வருவது. தேடுபொறியிடம் 'நடுக்கம்' என்று மட்டும் கேட்டால் அது வேறென்ன சொல்லும்?

நீங்கள் பயந்திருக்க வேண்டியது வேறொன்றுக்கு. 'மறுநாள் மட்டும்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்களே, அந்த வரிக்கு.

உடம்பில் நீர் குறைந்தால் சிறுநீர் கடும் மஞ்சளாகும். கோப்பி ஓ நிறத்துக்குப் போகாது. கடும் பயிற்சிக்கு மறுநாள் பழுப்பாகப் போனால், தசைச் செல்கள் உடைந்து அவற்றுக்குள் இருந்த மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கொட்டி, சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்கு ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். அந்தப் புரதம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைத்துக் கெடுக்கும். உடைந்த செல்லிலிருந்து பொட்டாசியமும் வெளியே வரும், அது ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். முந்தின நாள் பீட்ரூட்டோ சிவப்பு டிராகன் பழமோ சாப்பிட்டிருந்தால் சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போகலாம். அது கோப்பி நிறமல்ல.

தண்ணீர் குடித்ததும் சரியானது என்பதில் எனக்கு ஆறுதல் இல்லை. மயோகுளோபின் சில மணி நேரத்தில் ரத்தத்தைவிட்டுப் போய்விடும். நிறம் தெளிந்த பிறகும் தசைச் சிதைவைக் காட்டும் சிகே என்ற நொதி இரண்டு மூன்று நாள் ஏறிக்கொண்டே இருக்கலாம். நிறம் போனதால் நோய் போனதென்று நினைத்து நீங்கள் அடுத்த வகுப்புக்கும் போயிருக்கிறீர்கள், மாத்திரையும் போட்டுக்கொண்டு.

ஏன் வந்தது? அசையாமல் நிற்கும் குதிரை நிலையை நான் அவ்வளவாகச் சந்தேகிக்க மாட்டேன். வாத்து நடை, தவளைத் தாவல், நூறு குந்தல் என்று கால் பயிற்சி கொடுத்திருப்பார்கள். பாரத்தைத் தாங்கியபடி தசை நீளும் இந்த அசைவுகள்தான் தசை நாரை அதிகம் கிழிப்பவை. தொடர்ந்து செய்கிறவரின் தசை இதற்குப் பழகியிருக்கும். நான்கு மாத இடைவெளியில் அந்தப் பழக்கம் போய்விடும், மனசு மட்டும் பழைய எண்ணிக்கையை வைத்திருக்கும். அன்று பகல் முழுக்கத் தடித்த வேலையுடையில் வியர்த்துவிட்டு, பாதி வற்றிய உடம்போடு வகுப்புக்குப் போயிருப்பீர்கள். மேலே ஸ்டாட்டின் வேறு. அது சிலருக்குத் தசையை நோகடிக்கும்.

இத்தனைக்கும் மேல் டைக்ளோஃபெனாக். உடம்பு வற்றும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் அதன் குழாயைத் திறந்து வைப்பவை புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற வேதிப்பொருள்கள். இந்த மாத்திரை அவற்றையே தடுக்கிறது. ஐபுபுரோஃபெனும் அப்படித்தான். வராத வலிக்கு முன்கூட்டியே மாத்திரை போடும் யோசனையை யார் கொடுத்தார்களோ, அவரிடம் இனி எதுவும் கேட்காதீர்கள். வலி பொறுக்க முடியாவிட்டால், வகுப்புக்குப் பிறகு பாரசிட்டமால் 500 மில்லிகிராம் ஒன்றோ இரண்டோ போதும்.

ஸ்டாட்டினை நீங்களாக நிறுத்த வேண்டாம், எழுதிக்கொடுத்தவரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். சீன மருந்துக் கடையில் கொழுப்புக்கு நல்லதென்று விற்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசியும் சாப்பிடுகிறீர்களா? அதிலிருக்கும் மொனாகொலின் கே என்பதும் லோவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினும் ஒரே பொருள். இரண்டும் சேர்ந்தால் இரட்டை மருந்து.

இப்போதைக்கு வகுப்பை நிறுத்துங்கள். நான்கைந்து நாள் கழித்துப் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) சிகே, சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம், சிறுநீர்ப் பரிசோதனை எடுங்கள். பயிற்சிக்கு மறுநாளே போனால் சிகே எப்படியும் கூடித்தான் இருக்கும். ஓய்வுக்குப் பிறகும் இறங்கவில்லை என்றால் காரணமாக ஸ்டாட்டின் மாத்திரையையோ வேறு தசை நோயையோ தேட வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தால் வகுப்பை விட வேண்டியதில்லை, 43 ஒரு வயதா? ஆனால் பழைய அளவில் கால்வாசியிலிருந்து தொடங்குங்கள். தொடையைத் தரைக்கு இணையாக இறக்காமல் பாதி உயரத்தில் 20 வினாடி, நான்கு முறை. முதல் மூன்று வாரம் வாத்து நடையும் தாவலும் கிடையாது, சீஃபுவிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். மூச்சை அடக்கி நிற்காதீர்கள், ரத்த அழுத்தம் ஏறும். வகுப்புக்கு முந்தின இரண்டு மணி நேரத்தில் அரை லிட்டர் தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாக. கிளம்பும்போதும் சிறுநீர் கடும் மஞ்சளாக இருந்தால் அன்றைக்குக் கை வரிசை மட்டும். பயந்துபோய் மூன்று லிட்டரை ஒரே மூச்சில் குடித்து ரத்தத்தின் உப்பைக் குறைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

மற்றவை சில்லறை. வலியோ வீக்கமோ இல்லாத சொடுக்கு ஒன்றுமில்லை, முட்டி உள்பக்கம் சாயாமல் கால்விரல் இருக்கும் திசையில் போகட்டும். கைமோதல் பயிற்சியின் நீலம் இரண்டு வாரத்தில் மறையும். அதற்குத் தடவும் மூலிகைச் சாராயத்தைப் புண்ணில் படவிடாதீர்கள், குடிக்கவே குடிக்காதீர்கள், சிலவற்றில் நச்சு வேர் சேர்கிறது. பத்து மணிக்கு உடம்பு சூடாக இருந்தால் தூக்கம் எப்படி வரும்? குளித்துவிட்டு, லேசாகச் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் பொறுங்கள்.

சிறுநீர் மறுபடி பழுப்பானால் காலையில் மருந்தகம் திறக்கட்டும் என்று காத்திருக்காமல், அந்த நேரமே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். தொடை பலகை மாதிரி விறைத்து வீங்கினாலும், கால் மரத்தாலும், சிறுநீர் குறைந்தாலும் அதே. படபடப்போ மயக்கமோ சேர்ந்தால் ஆம்புலன்ஸுக்கு 995. அங்கே 'கால் வலிக்கிறது' என்று மட்டும் சொல்லி உட்கார்ந்திருக்காதீர்கள். குந்தல் பயிற்சி, ஸ்டாட்டின், வலி மாத்திரை, பழுப்புச் சிறுநீர் என்று நான்கையும் சேர்த்தே சொல்லுங்கள்.