பொய் என்று தெரிந்தே ஒருவர் தன்னைத்தானே எப்படி ஏமாற்றிக்கொள்ள முடியும்?

பொய் சொல்பவருக்கு உண்மை தெரியும், ஏமாறுபவருக்குத் தெரியாது. அப்படியிருக்க இருவரும் ஒரே ஆளாக இருப்பது எப்படிச் சாத்தியம் என்று கேட்டிருக்கிறீர்கள். அன்றாடம் பிறரிடம் சொல்லும் சிறு பொய்களுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

தத்துவ வகுப்புகளில் இந்த முடிச்சை வைத்து நெடுங்காலமாக வாதாடி வருகிறார்கள். நான் ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் பணிபுரிபவன். அந்த வாதங்களில் பாதி எனக்குப் பிடிபடுவதில்லை. ஆனால் அவர்கள் பேசும் மனிதர்களை நாள்தோறும் காலையில் வெறும் வயிற்றோடு வரிசையில் பார்க்கிறேன். பார்த்த அளவில் எனக்குத் தோன்றுவது இதுதான்: பொய் என்று முழுமையாகத் தெரிந்த ஒன்றை யாரும் நம்புவதில்லை. உண்மை தெரியவரும் வழியில், இதற்கு மேல் போனால் ஒப்புக்கொள்ள வேண்டிவரும் என்ற இடம் நெருங்கும்போது, கால்கள் தாமாக நின்றுவிடுகின்றன.

சர்க்கரை நோயாளிகளிடம் இது நன்றாகப் புலப்படும். வெறும் வயிற்றில் எடுக்கும் சோதனை அந்தக் காலைப்பொழுதின் நிலையை மட்டுமே காட்டும். முந்தைய சில நாட்கள் சோற்றைக் குறைத்து, இனிப்பைத் தொடாமல், மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொண்டு, மொட்டை மாடியில் நாலு சுற்று நடந்தால் அந்த எண் ஓரளவு இறங்கிவிடும். எங்கள் பக்கத்தில் 'மூணு மாச சுகர்' என்று சொல்லப்படும் ஏ1சி சோதனை அவ்வளவு எளிதில் வளைந்துகொடுக்காது. சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினோடு எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதை அது அளக்கிறது. ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்வதால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிக் கணக்கு அதில் பதிவாகியிருக்கும்.

ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்களிடம் வழக்கமாக வருவார். ஒருமுறை மருத்துவர் எழுதிய சீட்டில் இரண்டு சோதனைகளும் இருந்தன. "ஐயா, ஏ1சியும் எழுதியிருக்கிறாரே, சேர்த்தே எடுத்துவிடலாமா?" என்று கேட்டேன். "அது இருக்கட்டும் தம்பி. போன மாதம்தான் பேத்தி கல்யாணம் முடிந்தது, அந்தக் கணக்கெல்லாம் இதில் வந்து சேர்ந்துவிடும். இப்போதைக்கு ஃபாஸ்டிங் மட்டும் பாருங்கள்" என்றார். 118 வந்தது. தாளை வாங்கிப் பார்த்தவர், "பரவாயில்லை, கன்ட்ரோலில்தான் இருக்கிறது" என்று சொல்லிச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டார். அந்த நிம்மதி நடிப்பன்று. எந்தச் சோதனை கல்யாண வீட்டுப் பந்தியைக் காட்டிக்கொடுக்கும் என்பது சற்று முன்புதான் அவர் வாயிலிருந்தே வந்தது. அதைத் தவிர்த்துவிட்டுப் பெற்ற எண் அவரை மனதார ஆறுதல்படுத்தவும் செய்தது.

ஜார்ஜ் குவாட்ரோன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1984-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் படித்தபோது எனக்கு இந்தப் பெரியவர்தான் நினைவுக்கு வந்தார். பங்கேற்றவர்களைக் கடுங்குளிர் நீரில் கையை வைத்துத் தாங்க முடிந்தவரை தாங்கச் சொன்னார்கள். பிறகு, மனிதர்களின் இதயம் இரு வகைப்படும், ஒரு வகையினருக்கு நீண்ட ஆயுள், மற்றவருக்குக் குறைந்த ஆயுள் என்று ஒரு கதையைச் சொன்னார்கள். உடற்பயிற்சிக்குப் பின் குளிரைத் தாங்கும் திறன் கூடினால் நல்ல இதயம் என்று ஒரு சாராரிடமும், குறைந்தால்தான் நல்ல இதயம் என்று மறு சாராரிடமும் கூறி, சைக்கிள் மிதித்து முடித்தவர்களிடம் மீண்டும் கையை நீரில் வைக்கச் சொன்னார்கள். கூடினால் நல்லது என்று சொல்லப்பட்டவர்கள் அதிக நேரம் தாங்கினார்கள். குறைந்தால் நல்லது என்று சொல்லப்பட்டவர்கள் சீக்கிரம் கையை எடுத்தார்கள். கையை நீரில் எவ்வளவு நேரம் வைத்தாலும் இதயத்தின் வகை மாறிவிடப்போவதில்லை. மாற்ற முடிந்தது அதன் அடையாளத்தை மட்டுமே.

வேண்டுமென்றே அப்படிச் செய்தீர்களா என்று கேட்டபோது பெரும்பாலோர் இல்லை என்றார்கள். ஆம் என்று ஒப்புக்கொண்ட சிலரைவிட, இல்லை என்று மறுத்தவர்களே தமக்கு நல்ல இதயம் வாய்த்திருக்கிறது என்று அதிகம் முடிவுகட்டினார்கள். உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை. தன் கை வேலையைத் தானே பார்த்துவிட்டால் அந்த ஆறுதல் கிடைப்பதில்லை.

பீட்டர் டிட்டோ, டேவிட் லோபஸ் ஆகியோரின் 1992-ஆம் ஆண்டு ஆய்வு எங்கள் தொழிலுக்கே நெருக்கமானது. எச்சில் பட்டால் நிறம் மாறும் சோதனைத்தாள் என்று சொல்லி, ஒருபோதும் நிறம் மாறாத சாதாரண மஞ்சள் தாளைக் கொடுத்தார்கள். மாறாவிட்டால் உடலில் குறை இருக்கிறது என்று நம்பவைக்கப்பட்டவர்கள் வெகுநேரம் காத்திருந்தார்கள், மறுபடியும் சோதித்தார்கள். மாறாமலிருப்பதே நல்லது என்று நம்பியவர்களோ சட்டென்று முடித்துக்கொண்டார்கள். 240 வந்தால், "மெஷின் சரியாக இருக்கிறதா, இன்னொரு தடவை பார்த்துவிடுங்களேன்" என்று கேட்பவர்கள் எங்களிடம் ஏராளம். 105 வந்து அப்படிக் கேட்ட ஒருவரும் என் நினைவில் இல்லை.

பிறரிடம் சொல்லும் பொய்க்கு வருகிறேன். பெல்லா டிபாலோவும் சக ஆய்வாளர்களும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், 77 கல்லூரி மாணவர்களும் பொதுமக்களில் 70 பேரும் ஒரு வாரம் தாங்கள் சொன்ன பொய்களைக் குறித்துவைத்தார்கள். சராசரியாக மாணவர்கள் நாளொன்றுக்கு இரண்டு, மற்றவர்கள் ஒன்று. ஆனால் 1,000 அமெரிக்கர்களிடம் எடுக்கப்பட்டு 2010-இல் வெளியான கணக்கில், முந்தைய 24 மணி நேரத்தில் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்றார்கள் 60 சதவீதத்தினர். சொல்லப்பட்ட பொய்களில் ஏறத்தாழப் பாதி 5 சதவீதத்தினருடையவை. ஆகவே எல்லோரும் ஓயாமல் பொய் பேசுகிறார்கள் என்பது மிகை. (இந்தத் துறையும் அப்பழுக்கற்றதன்று. படிவத்தின் தலைப்பிலேயே கையெழுத்து வாங்கினால் பொய் குறையும் என்று 2012-இல் சொல்லிப் புகழ்பெற்ற ஆய்வு ஒன்றில் தரவே புனையப்பட்டிருந்தது தெரியவந்து, 2021-இல் அது திரும்பப் பெறப்பட்டது.)

வெளியில் சொன்ன பொய் உள்ளே இறங்கும் விதத்தைக் காட்டியவர்கள் லியோன் ஃபெஸ்டிங்கரும் ஜேம்ஸ் கார்ல்ஸ்மித்தும். 1959-இல் வெளியான அவர்களது ஆய்வில் மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் சலிப்பூட்டும் வேலை கொடுத்துவிட்டு, அடுத்து வருபவரிடம் அது சுவையானது என்று சொல்லச் சிலருக்கு 1 டாலரும் சிலருக்கு 20 டாலரும் கொடுத்தார்கள். பின்னர், வேலை உண்மையிலேயே நன்றாக இருந்தது என்றவர்கள் பெரும்பாலும் ஒரு டாலர் வாங்கியவர்களே. இருபது வாங்கியவருக்குப் பொய் சொன்னதற்கு ஒரு காரணம் கையில் இருந்தது. ஒரு டாலர் வாங்கியவருக்கு அதுவும் இல்லாததால், சொன்னதையே உண்மையாக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

பிறரை ஏமாற்றும்போது முகம் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே தன்னை முதலில் ஏமாற்றும் திறன் வளர்ந்தது என்பது பரிணாம உயிரியலாளர் ராபர்ட் டிரிவர்ஸின் வாதம். மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கூட்டிச் சொல்லும் வீட்டாருக்கு அது பொருந்தலாம். எங்கள் பெரியவருக்கு முழுவதும் பொருந்துமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அவர் என்னிடம் மறைக்க எதுவும் இல்லை, கல்யாணத்தையே வாய்விட்டுச் சொல்லிவிட்டாரே. பயத்தைத் தள்ளிப்போடுவதற்கு எதிராளி யாரும் தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

விழிப்புணர்வு இருந்தால் இதிலிருந்து மீளலாம் என்று சிலர் சொல்வதுண்டு. ஏ1சி என்றால் என்ன என்பது அந்தப் பெரியவருக்கு மிக நன்றாகவே தெரியும், தெரிந்ததால்தான் தவிர்த்தார். எங்கள் கூடத்தில் வேறு ஒரு சாராரும் உண்டு. மகளோ மருமகளோ தேதியை முடிவு செய்து, முந்தைய இரவு சாப்பாட்டுக்குப் பிறகுதான், "மாமா, காலையில் டெஸ்டுக்குப் போகிறோம்" என்று சொல்லி அழைத்து வருபவர்கள் அவர்கள். பத்தியம் இருக்க அவர்களுக்கு நாளே கிடைப்பதில்லை. கொஞ்சம் முணுமுணுத்துக்கொண்டுதான் கையை நீட்டுவார்கள். ஆனால் ஃபாஸ்டிங், ஏ1சி என்ற அவர்களுடைய இரண்டு எண்களும் ஒன்றோடொன்று அதிகம் முரண்படுவதில்லை.