லடாக் சாலைப் பயணம்: கேட்டவர்களுக்கெல்லாம் பதில்

ஸ்ரீநகர் வழியாகவும் மணாலி வழியாகவும் லடாக்கின் முக்கிய நகரான லேவுக்கு வண்டி ஓட்டிப் போக நினைக்கிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பாதிக்கு மேல் வண்டியைப் பற்றியும் கிலோமீட்டரைப் பற்றியும்தான் இருக்கின்றன. நான் அதைவிட முக்கியமாக நினைப்பது வேறு: எந்த இரவில் எத்தனை மீட்டர் உயரத்தில் படுக்கப்போகிறீர்கள்? அதை ஒரு தாளில் எழுதிவிட்டால் மீதித் திட்டம் தானாக அமைந்துவிடும்.

அண்ணா, நாங்கள் நாலு பேர், திருப்பூர். தில்லியில் இறங்கி மணாலி போய், அங்கிருந்து இரண்டே நாளில் லே, நடுவில் ஒரு இரவு சர்ச்சுவில் டென்ட். சரியாக வருமா?

வராது தம்பி, இந்த வரிசையை மாற்றுங்கள். மணாலி 2,050 மீட்டர், சர்ச்சு ஏறக்குறைய 4,290 மீட்டர். ஒரே பகலில் 2,200 மீட்டருக்கு மேல் ஏறிப்போய் அங்கேயே படுக்கிறீர்கள். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால் ஒரு இரவுக்கும் அடுத்த இரவுக்கும் நடுவே 500 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது என்பதுதான் மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. சர்ச்சுவில் இன்னொரு சிக்கலும் உண்டு. ராத்திரி யாருக்காவது தலைவலி, வாந்தி என்று ஆரம்பித்தால் கீழே இறங்கவேண்டும், ஆனால் அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் முதலில் மேலேதான் ஏறவேண்டும். தெற்கே 4,890 மீட்டரில் பாராலாச்சா கணவாய், வடக்கே 5,000 மீட்டருக்கும் மேலே லாச்சுலுங் கணவாய்.

அதனால் ஸ்ரீநகர் வழியாக ஏறுங்கள், மணாலி வழியாக இறங்குங்கள். ஸ்ரீநகர் 1,585 மீட்டர். முதல் நாள் சோனாமார்க், ஜோஜி கணவாய், திராஸ் தாண்டிக் கார்கிலில் தூக்கம். ஜோஜி 3,500 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, ஆனால் ஏறி இறங்கிவிடுகிறீர்கள், கார்கில் 2,676 மீட்டர்தான். நம் தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால் அளவு புரியும். மறுநாள் நமிகா, ஃபோட்டு என்று இரண்டு கணவாய் கடந்து லாமாயூருவிலோ லேயிலோ தங்கலாம், இரண்டும் 3,500 மீட்டர் சுற்றுவட்டம்தான். லே போனதும் இரண்டு இரவு எங்கேயும் ஏறாமல் இருங்கள். அப்புறம் திரும்பும்போது உடம்பு பழகியிருக்கும், மணாலிப் பாதையின் பெரிய கணவாய்களை நிம்மதியாகக் கடக்கலாம். லேயிலிருந்து விடியற்காலையில் கிளம்பினால் சர்ச்சுவில் நிற்காமலே ஜிஸ்பா வரை, 3,200 மீட்டருக்கு, இறங்கிவிட முடியும். நீண்ட நாள்தான், 330 கிலோமீட்டருக்கு மேல், வெளிச்சம் இருக்கும்போதே முடிக்கவேண்டும், இரண்டு பேர் மாற்றி ஓட்டினால் நல்லது. ஜிஸ்பாவிலிருந்து மணாலி நூறு கிலோமீட்டருக்கும் குறைவு. 2020இல் திறந்த அடல் சுரங்கப்பாதை வந்தபிறகு ரோத்தாங் கணவாய் ஏறவேண்டிய கட்டாயமும் இல்லை.

நுப்ரா முதலிலா, பாங்காங் முதலிலா?

நுப்ரா. லேக்கு வடக்கே உள்ள அந்தப் பள்ளத்தாக்கில் திஸ்கித், ஹுண்டர் எல்லாம் லேயைவிடத் தாழ்வான ஊர்கள். கர்துங் கணவாயை மட்டும் கடக்கவேண்டும், மேலே போட்டோ எடுத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்குள் இறங்கிவிடுங்கள், டீ குடித்துக் கதை பேசும் இடமில்லை அது. பாங்காங் ஏரிக்கரை 4,200 மீட்டருக்கு மேல், அங்கே படுப்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். நுப்ராவிலிருந்து ஷயோக் ஆற்றோரமாக நேரே பாங்காங்குக்குச் சாலை இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் அந்த ஆறு சாலையை அரித்துவிடும், கிளம்புகிற அன்று காலை திஸ்கித்தில் ஓட்டுநர்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

ஆக்சிஜன் கேன் எத்தனை வாங்கவேண்டும்? கற்பூரம் முகர்ந்தால் போதும் என்கிறார்களே?

கற்பூரம் மூக்கடைப்புக்கு வேண்டுமானால் சுகமாக இருக்கும், ரத்தத்தில் ஆக்சிஜனை ஏற்றாது. கடையில் விற்கும் சின்ன கேன் சில நிமிடத்தில் காலியாகிவிடும், அதை நம்பி மேலே உட்கார்ந்திருப்பதுதான் ஆபத்து. லே உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு, பெரிய கணவாய்களில் பாதிதான். கேன் அந்தக் கணக்கை மாற்றாது. நேரமும் இறக்கமும்தான் மாற்றும்.

டயமாக்ஸ் என்று எல்லோரும் சொல்லும் அசெட்டசோலமைடு மாத்திரைக்கு நிஜமாகவே பலன் உண்டு. தடுப்புக்கு வழக்கமாக 125 மில்லிகிராம் காலையும் இரவும், ஏறுவதற்கு முதல் நாளே ஆரம்பிப்பார்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்களும் சிறுநீரகப் பிரச்சனை உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது, மற்றவர்களும் ஊரிலேயே ஒரு தடவை கேட்டுவிடுங்கள். விரல் நுனி மரத்து ஊறும், சிறுநீர் அடிக்கடி வரும், பயப்படவேண்டாம்.

இதை மட்டும் வண்டியில் இருக்கிற எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். லேசான தலைவலி, பசியின்மை, தூக்கமின்மை என்றால் அதே உயரத்தில் நின்று ஓய்வு, மேலே ஏறக்கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, இருமலில் நுரை வருகிறது, நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடுகிறார், பேச்சு குழறுகிறது என்றால் உயிருக்கு ஆபத்து. விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கீழே இறக்குங்கள், லேக்கு அருகில் இருந்தால் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். குடித்துவிட்டுப் படுத்தவருக்கு இந்த அறிகுறி வந்தால் போதை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். முதல் சில நாள் மது வேண்டாம் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதற்காகத்தான்.

அம்மாவுக்கு 64 வயது, பிபி இருக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். கூட்டிப்போகலாமா சார்? (மதுரையிலிருந்து)

வயதை மட்டும் வைத்து வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பிபி மாத்திரையில் கட்டுக்குள் இருந்தால் பலர் போய்வருகிறார்கள். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், நுரையீரல் நோய் உள்ளவர்கள் விஷயம் வேறு. எப்படி இருந்தாலும் அவர்களைப் பார்க்கும் மருத்துவரிடம் "3,500 மீட்டரில் தங்கல், 5,300 மீட்டர் வரை ஏற்றம்" என்று எண்ணோடு சொல்லிக் கேளுங்கள். வெறுமனே டூர் போகிறோம் என்றால் அவரும் சரி என்றுவிடுவார். இன்சுலின் உறைந்துபோனால் வீண், இரவில் வண்டியில் விட்டுவிடாமல் உடம்போடு ஒட்டிய பையில் வைக்கவேண்டும். சர்க்கரை பார்க்கும் கருவியும் கடுங்குளிரில் தப்பாகக் காட்டலாம்.

அவர்களுக்காகத் திட்டத்தைக் குறைப்பதை இழப்பாக நினைக்காதீர்கள் சார். லேயிலிருந்து சிந்து நதியோரமாக ஷே, திக்சே, ஹெமிஸ் மடாலயங்கள் வரை பெரிய கணவாய் எதுவும் கடக்காமல் போய்வரலாம், மேற்கே நிம்மூவில் சிந்துவும் சன்ஸ்காரும் கலக்கும் இடம். மூன்று நாள் நிறைவாகப் போகும். மடாலயங்களில் மட்டும் படிக்கட்டு உண்டு, மெதுவாக ஏறட்டும். பாங்காங்கைப் பார்த்தே ஆகவேண்டும் என்று அம்மாவை 4,200 மீட்டர் குளிரில் டென்டில் படுக்கவைப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

எந்த மாதம்?

என்னைக் கேட்டால் செப்டம்பர் முதல் பாதி. ஜூனில் கணவாய்களில் பனிச் சுவர் பார்க்கலாம், ஆனால் உருகும் தண்ணீர் சாலையில் ஓடும். ஜூலை, ஆகஸ்டில் இமாச்சலில் பருவமழை, மண்சரிவு. ஸ்ரீநகர் பக்கம் அமர்நாத் யாத்திரை நெரிசல். செப்டம்பரில் ஓடைகளும் வற்றியிருக்கும், வானமும் தெளிந்திருக்கும். அக்டோபர் நடுவில் மணாலிப் பாதை எப்போது வேண்டுமானாலும் மூடலாம்.

என்னிடம் இருப்பது ஸ்விஃப்ட். ஃபோர் வீல் டிரைவ் இல்லாமல் முடியுமா?

முடியும். லே போகிற இரண்டு பெரிய சாலைகளிலும் சாதாரணக் கார்கள் போய்வருகின்றன. ஆளையும் சுமையையும் குறையுங்கள், இல்லையென்றால் வண்டியின் அடி தரைக்கு மிக அருகில் வந்துவிடும். டயர், பிரேக் பேட், பேட்டரி மூன்றும் கிளம்புவதற்கு முன் பார்த்துவிடுங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவை ஓட்டியவருக்கு இங்கே கட்டா லூப்ஸின் 21 வளைவு பெரிதாகத் தெரியாது, ஆனால் இறக்கம் மணிக்கணக்கில் நீளும். பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லையே என்று பதறவேண்டாம், காற்று மெலிந்த இடத்தில் டர்போ இல்லாத எஞ்சினுக்கு அது இயல்பு.

சாலையைக் கடக்கும் ஓடைகளை, அங்கே நாலா என்பார்கள், காலையில் கடக்கவேண்டும். ராத்திரி குளிரில் பனி உருகுவது நின்றுவிடும், தண்ணீர் கணுக்கால் அளவில் இருக்கும். பிற்பகலில் அதே ஓடை முழங்காலுக்கு வந்துவிடும். இந்தப் பாதையில் ஐந்து மணிக்குக் கிளம்பச் சொல்வது இதற்காகத்தான். முன்னால் ஒரு லாரி கடக்கும்வரை நின்று, அதன் சக்கரம் போகும் தடத்தைப் பார்த்துவிட்டு, முதல் கியரில் நிறுத்தாமல் போங்கள்.

பைக்கை ரயிலில் அனுப்பினால் எப்படி? இல்லை, மணாலியில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாமா?

ரயிலில் அனுப்பினால் டேங்கில் பெட்ரோல் துளிகூட இருக்கக்கூடாது, ஆர்சி நகல் வேண்டும், சாக்குத் துணியில் நன்றாகச் சுற்றித் தரவேண்டும். உங்கள் டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் போட்டால் நீங்கள் போகும் ரயிலிலேயே வர வாய்ப்பு அதிகம். பார்சலாகப் போட்டால் சில நாள் பிந்தலாம், முன்னதாகவே அனுப்பிவிடுங்கள்.

மணாலி, ஸ்ரீநகர், தில்லி வாடகை வண்டியில் லே வரை வரலாம். அதே வண்டியில் பாங்காங், நுப்ரா போக லே வாடகை வண்டிக்காரர்கள் விடுவதில்லை, வழியில் நிறுத்திவிடுவார்கள். அங்கே சுற்ற லேயிலேயே ஒரு வண்டி எடுங்கள். சொந்த வண்டிக்கு இந்தத் தடை இல்லை. எல்லைப் பகுதிக்கான பதிவும் சுற்றுச்சூழல் கட்டணமும் லே நிர்வாகத்தின் இணையதளத்திலேயே முடியும், விதிகள் அடிக்கடி மாறுவதால் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பாருங்கள். ஆதார் நகல் நாலைந்து கையில் இருக்கட்டும்.

பெட்ரோல், பணம், போன்?

மணாலிப் பக்கம் தாண்டி என்ற ஊரில் இருக்கும் பங்கில் டேங்கை நிரப்புங்கள். அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று அங்கே பலகையே வைத்திருந்தார்கள், லே பக்கம் காரு என்ற ஊர் வரும்வரை வேறு நம்பிக்கை வைக்காதீர்கள். பைக்காரர்கள் ஐந்து லிட்டராவது கூடுதலாக எடுத்துக்கொள்ளவேண்டும். ப்ரீபெய்டு சிம் நம் ஊரிலிருந்து கொண்டுபோனால் லடாக்கில் வேலை செய்யாது, குழுவில் இரண்டு பேராவது போஸ்ட்பெய்டுக்கு மாறுங்கள். கீலாங் தாண்டினால் சிக்னல் இல்லாமல் மணிக்கணக்கில் ஓட்டுவீர்கள், யுபிஐ அங்கே உதவாது, ரொக்கம் வேண்டும்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? குழந்தைகளோடு போகிறோம், அக்கா கேட்கச் சொன்னார்.

தாராளமாக. தாபா டென்டுகளில் ராஜ்மா சாதம், பருப்பு சாதம், பராத்தா, மேகி எப்போதும் உண்டு. பாக்கெட் தயிரை மட்டும் அங்கே தேடாதீர்கள். குழந்தைக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத வயதென்றால் லேயைவிட உயரத்தில் இரவு தங்காதீர்கள். காரணமில்லாத அழுகை, பால் மறுப்பு, வாந்தி இவையே அதற்கு உயரத்தால் வரும் மலை நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

திரும்பும் டிக்கெட் எந்தத் தேதிக்குப் போடலாம்?

திட்டம் முடியும் நாளுக்கு அப்புறம் குறைந்தது இரண்டு நாள் தள்ளி. ஒரு மண்சரிவு, ஒரு திடீர்ப் பனி, ஒருவருக்குத் தலைவலி, ஏதாவது ஒன்று வரும். மறுநாள் காலை தில்லியில் விமானம் என்ற அவசரத்தில் இருக்கிறவர்கள்தான் இருட்டில் பாராலாச்சா இறங்குகிறார்கள். அந்த நிலைமைக்கு வராமல் இருக்க, லீவு போதவில்லை என்றால் பாங்காங்கை வெட்டுங்கள், லேயில் தங்கும் இரண்டு இரவையும் கடைசி இரண்டு நாளையும் வெட்டாதீர்கள்.