கணுக்கால் பிரஷர் 1.1 என்றால் கால் நரம்பில் அடைப்பு இல்லையா?

கேள்வி: ஐயா புதுக்குடியிருப்பில் இருக்கிறார். 15 வருசமாகச் சீனி வருத்தம். கொஞ்சம் நடந்தாலே பின்னங்கால் சதை உளைகிறது, நின்றால் விடுகிறது. கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரோடு ஒப்பிட்டு 1.1, பிரச்சினையில்லை என்றார்கள். நம்பலாமா?

பதில்: முழுதாக நம்ப வேண்டாம். முதலில், அடைபடுவது நரம்பு அல்ல, நாடி, அதாவது இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுபோகும் குழாய். நாம் பேச்சில் எல்லாவற்றையும் நரம்பு என்றுதான் சொல்கிறோம்!

கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுப்பதுதான் இந்தச் சோதனை. 1.0 முதல் 1.4 வரை வழமையானது. 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு இருக்கிறது என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். சிக்கல் மறுபக்கம்தான். நெடுநாள் சீனி வருத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கு நாடிச் சுவரில் கல்சியம் படிந்து அது விறைத்துவிடும். பிரஷர் பட்டி எவ்வளவு இறுக்கினாலும் நாடி நசியாது. எண் பொய்யாக ஏறும். 1.4க்கு மேல் போனால் சந்தேகம் வரும். அடைப்பும் விறைப்பும் சேர்ந்து நடுவில் 1.1 காட்டினால்தான் ஏமாந்து போவோம்.

கால் பெருவிரல் நாடி அவ்வளவாக விறைப்பதில்லை. ஆகவே பெருவிரல் அழுத்தத்தை அளக்க முடியுமா என்று கேளுங்கள், அதைக் கை அழுத்தத்தால் வகுத்து 0.7க்குக் கீழே வந்தால் கோளாறு. நடக்கவிட்டு உடனே கணுக்கால் அழுத்தத்தை மறுபடி அளப்பதும் நல்லது. ஒலியலையால் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டொப்ளர் ஸ்கான் அடைப்பு எங்கே என்று காட்டும், ஆனால் செய்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது.

காலில் ஆறாத புண்ணோ, விரல் கறுப்பதோ, படுத்திருக்கும்போதே வலியோ இருந்தால் இந்த எண்களுக்குக் காத்திராமல் உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.