செலபேன் சுற்றிய பல்பும் சாம்பல் ஓரமும்

இருட்டறையில் நீங்கள் போடும் கறுப்பு வெள்ளைப் புகைப்படப் பிரிண்டின் வெள்ளை ஓரம் சாம்பலாகிறது என்கிறீர்கள். அதற்கு டெவலப்பரை, அதாவது பேப்பரில் படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசலை, சந்தேகிக்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் நீங்கள் இருட்டறை விளக்காகச் சிவப்பு செலபேன் சுற்றி வைத்திருக்கும் எல்இடி பல்பின் மேல்தான்.

வெள்ளை எல்இடியின் உள்ளே இருப்பது நீல ஒளி, அதன் மேல் மஞ்சள் பாஸ்பர் பூச்சு. செலபேன் வெறும் பரிசுப் பொட்டலத் தாள்தானே; கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிந்தாலும் கொஞ்சம் நீலமும் பச்சையும் கசியலாம். மல்டிகிரேடு பேப்பர் (ஒளியின் நிறத்தை வைத்துக் கான்ட்ராஸ்டை மாற்றக்கூடிய பிரிண்ட் பேப்பர்) கறுப்பதே அந்த இரண்டில்தான்.

பழைய சிடி இருக்கிறதா? பளபளப்பான பக்கத்தில் பல்பைப் பார்த்தபடி மெல்லச் சாய்த்துக்கொண்டே வாருங்கள். சிவப்புக் கீற்று மட்டும் தெரிந்தால் சரி. பச்சையோ நீலமோ எட்டிப் பார்த்தால் அந்தப் பல்பு வேண்டாம்.

அப்புறம் நாணயச் சோதனை:

1. பல்பை அணைத்துவிட்டு, என்லார்ஜரில் (நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் கருவி) ஒரு துண்டுப் பேப்பருக்கு இலேசான சாம்பல் வரும் அளவு ஒளி கொடுங்கள். இதைத் தவறவிடாதீர்கள். வெறும் பேப்பர் சிறு கசிவைக் காட்டிக்கொடுக்காது.
2. அதன்மேல் நாணயத்தை வைத்து, பல்பைப் போட்டு 5 நிமிடம் விடுங்கள்.
3. அணைத்து, இருட்டிலேயே டெவலப் செய்யுங்கள்.

வெளிறிய வட்டம் தெரிந்தால் பல்புதான் குற்றவாளி. வட்டமே இல்லையென்றால் பேப்பர் பழசாகியிருக்கலாம்.

நான் சைக்கிளின் சிவப்பு எல்இடி பின்விளக்கைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துக்கொள்கிறேன். அதையும் இப்படிச் சோதித்த பிறகுதான் நம்பினேன்.

ஒன்று மட்டும்: இதெல்லாம் பேப்பருக்குத்தான். சாதாரண கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்குச் சிவப்பும் தெரியும். டெவலப் செய்ய ஃபிலிமை ரீலில் சுற்றி ஏற்றும்போது கும்மிருட்டுதான்.