ஓக்லியின் கிரேக்கக் கடை – கடிதம்

அன்புள்ள அண்ணா,

நான் வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவன். ஒன்பது வருஷமாக மெல்பர்னில் இருக்கிறேன். வீடு ஓக்லி பக்கம், சுற்றிலும் கிரேக்கர்கள். போன மாதம் அம்மா வந்திருந்தபோது ஒரு சின்ன கிரேக்க ஓட்டலுக்குக் கூட்டிப்போனேன். மிஞ்சிப்போனால் பதினைந்து பேர் உட்காரலாம். அப்பா அடுப்படியில், அம்மா கல்லாவில், மகள் பரிமாறுகிறாள். வாசல் மேஜையில் ஒரு தாத்தா காபியை வைத்துக்கொண்டு வருகிறவர்களை எடை போட்டபடி உட்கார்ந்திருக்கிறார்.

ட்சாட்சிகி என்று ஒன்று வந்தது. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "வெள்ளரிக்காப் பச்சடி. தாளிக்க மறந்துட்டாங்க" என்றார். எலுமிச்சையும் முட்டையும் சேர்த்த கோழி சூப் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டில் செய்து பார்த்தோம், முட்டை திரிந்து பொடிமாஸ் ஆகிவிட்டது. அப்புறம் தக்காளிக் குழம்பில் மிதக்கும் நீள உருண்டை, சீரக வாசனையோடு, நம் கோலா உருண்டையின் பெரியப்பா மகன் மாதிரி. "ஸ்மிர்னா உருண்டை" என்று தாத்தா பெருமையாகச் சொன்னார். நான் மிளகாய் சாஸ் கேட்டேன். அந்தப் பெண் "இல்லை" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

என் கேள்வி இதுதான். துறைமுகம் வைத்திருக்கிற நம் வடசென்னையில் இப்படி வேற்று நாட்டுச் சாப்பாட்டைக் குடும்பமாக நடத்தும் கடை ஒன்றுகூட ஏன் இல்லை? நாம் புதிதாக எதையும் வாயில் வைக்க மாட்டோமா?

வி., மெல்பர்ன்

அன்புள்ள வி.,

முதலில் அம்மாவின் சூப். அதன் பேர் அவ்கொலெமோனோ. முட்டை, எலுமிச்சை, அவ்வளவுதான் அந்தப் பேருக்கு அர்த்தம். முட்டையையும் எலுமிச்சைச் சாற்றையும் தனியே நன்றாக அடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சூப்பை அடுப்பிலிருந்து இறக்கி, ஒரு கரண்டி சூப்பை எடுத்து முட்டையில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அடிக்க வேண்டும். இப்படி மூன்று நான்கு கரண்டி. முட்டைக்குச் சூடு பழகிய பிறகு மொத்தத்தையும் சட்டியில் ஊற்றிக் கலக்கிவிடலாம். அதற்கு மேல் கொதிக்கக் கூடாது. மோர்க்குழம்பு நுரை கட்டியதும் இறக்குகிற கைதானே அம்மாவுக்கு? பிடிபட்டுவிடும்.

இனி உங்கள் கேள்வி. வியாசர்பாடிக்காரர் இதைக் கேட்டதில் எனக்குக் கொஞ்சம் கோபம்தான். பர்மாவிலிருந்து வந்த தமிழர்கள் குடியேறிய பி.வி. காலனி தாண்டாமல் நீங்கள் பள்ளிக்கூடம் போயிருக்க முடியாது. அவர்கள் கொண்டுவந்த பர்மா நூடுல்ஸான அத்தோ சாப்பிடாமல் வளர்ந்திருக்கவும் முடியாது. அது வேற்று நாட்டுச் சாப்பாடு என்பதே உங்களுக்கு மறந்துவிட்டது. ஒரு விதத்தில் அந்தக் கடைக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு இல்லை.

பர்மாவில் 1962ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த இரண்டு வருஷத்தில் கடை, கிடங்கு, வங்கி எல்லாம் அரசுடைமை. 1964ல் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகளைச் செல்லாது என்றார்கள். தலைமுறைகளாக அங்கே இருந்த தமிழ்க் குடும்பங்கள் சம்பாதித்ததை விட்டுவிட்டுக் கப்பலேறி மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கின. அரசாங்கக் காகிதத்தில் அவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. அதில் பாதிப் பேர் இந்தத் தாயகத்தை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்திருப்பார்கள். காலனியின் பேரில் இருக்கிற பி.வி. என்பது பக்தவத்சலம், அந்தச் சமயத்தில் முதலமைச்சராக இருந்தவர். 1969ல் பர்மா பஜார் என்ற கடைவீதி வந்தது. ஆண்கள் அங்கே கடை போட்டார்கள், பெண்கள் சாப்பாட்டுப் பானையை இறக்கி வைத்தார்கள் என்று கேட்டிருக்கிறேன்.

நான் வழக்கமாகப் போவது பாரிமுனையில் செகண்ட் லைன் பீச் தெருவில் ஒரு அத்தோ தள்ளுவண்டி. உங்கள் கிரேக்கக் கடையை அப்படியே மடித்து நாலு சக்கரத்தில் வைத்தது போல இருக்கும். அக்கா பிசைவார், அவர் வீட்டுக்காரர் சூப் ஊற்றுவார், மகன் காசு வாங்குவான். தாத்தாவுக்குப் பதில் ஒரு ஆயா, பிளாஸ்டிக் ஸ்டூலில். எடை போடுவதில் உங்கள் தாத்தாவுக்குச் சளைத்தவர் இல்லை.

அக்காவின் கையைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். அகலமான பேசினில் ஆரஞ்சு நிற நூடுல்ஸ் ஒரு கை. முடி மாதிரி சீவிய முட்டைக்கோஸ். பச்சை வெங்காயம் கொஞ்சம், கருகாமல் பொரித்த வெங்காயம் கொஞ்சம். புளித்தண்ணி, உப்பு, மிளகாய்ப்பொடி, பொட்டுக்கடலை மாவு, கடைசியாகப் பூண்டு பொரித்த எண்ணெய். பேஜோவை, அதாவது நம் தட்டைக்கு அக்கா தங்கச்சியை, உள்ளங்கையில் வைத்து ஒரே அமுக்கில் நொறுக்கிப் போடுவார். பிறகு விரல் நுனிகளால் தூக்கித் தூக்கிப் பிசைவார், நசுக்குவதே இல்லை. பர்மிய மொழியில் அத்தோ என்ற பேருக்கே பிசைந்தது, கலந்தது என்றுதான் பொருள். கரண்டியால் கிளறித் தருகிற கடைகளும் இப்போது வந்துவிட்டன. அது வேறு பண்டம்.

முதல் தடவை போனபோது எனக்கும் உங்களுடைய சாஸ் அனுபவம் நடந்தது. நூடுல்ஸ் ஆறியிருந்ததால், "சூடு பண்ணித் தர்றீங்களாக்கா?" என்று கேட்டுத் தொலைத்தேன். அக்கா நிமிரவே இல்லை. ஆயாதான் பதில் சொன்னார். "சூடா வேணும்னா மொய்ங்கா துன்னு கண்ணு. அத்தோ இப்டித்தான்." சுற்றி நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். வாழைத்தண்டு சூப் ஒரு கிண்ணம் கையில் வந்தது. அதுதான் சமாதானம் போல. குடித்து முடிப்பதற்குள் கேட்காமலே இன்னொரு கரண்டி.

உங்கள் தாத்தாவின் ஸ்மிர்னாவுக்கு வருகிறேன். அந்த ஊரை இன்றைய கிரேக்கத்தில் தேடினால் கிடைக்காது. அது துருக்கியின் இஸ்மிர். 1922ல் அந்த ஊரின் பெரும்பகுதி எரிந்தது. அடுத்த வருஷம் லோசான் நகரில் ஒரு ஒப்பந்தம் போட்டு, துருக்கியில் இருந்த ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களைக் கிரேக்கத்துக்கும் கிரேக்கத்தில் இருந்த முஸ்லிம்களைத் துருக்கிக்கும் மாற்றிக்கொண்டார்கள். கிரேக்கம் போய்ச் சேர்ந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர். அவர்களில் பலருக்குக் கிரேக்க மொழியே தெரியாது. உள்ளூர்க்காரர்கள் அவர்களைத் 'துருக்கி விதை' என்று ஏசினார்கள். சீரகம் போட்ட அந்த உருண்டை அவர்களோடு வந்ததுதான். பிறகு 1952ல் ஆஸ்திரேலியாவும் கிரேக்கமும் குடியேற்ற ஒப்பந்தம் போட, கப்பல் கப்பலாக மெல்பர்னுக்கு வந்தார்கள். உங்கள் தட்டில் இருந்த உருண்டை இரண்டு கடல் தாண்டியது. தாத்தாவின் பெருமையை அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதற்காக, மாறவே மாறாத பாட்டி கைப்பக்குவம் என்று யாராவது சொன்னால் முழுதாக நம்பிவிடாதீர்கள். மூசாகா சாப்பிட்டிருப்பீர்கள், கத்தரிக்காயும் கொத்துக்கறியும் அடுக்கி மேலே வெள்ளையாகக் கெட்டிப் பால்சாஸ் ஊற்றியது. அந்த வெள்ளை அடுக்கு 1920களில் செலெமெந்தெஸ் என்ற சமையல்காரர் பிரெஞ்சுப் பாணியில் ஏற்றிவைத்தது. அத்தோ வண்டியும் அப்படியே. மொய்ங்கா என்றால் பர்மாவில் மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ். வாழைத்தண்டும் அந்தக் குழம்பில் போடுவார்கள். இங்கே பல வண்டிகளில் மீன் போய்விட்டது, தண்டு மட்டும் நின்றுவிட்டது. ஆயாவிடம் கேட்டால் "அங்கயும் இப்டித்தான்" என்பார். நான் எதிர்த்துப் பேசுவதில்லை.

துறைமுகம் இருக்கிறதே என்கிறீர்கள். துறைமுகம் வழியாக எத்தனையோ பேர் வந்தார்கள். யவனர், அதாவது கிரேக்க ரோமானியர், கப்பலில் வந்த தேறல் என்ற மதுவைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் கிடைத்த மதுச் சாடிகளில் கிரேக்கத்தின் கோஸ் தீவுச் சாடிகளும் உண்டு. பாரிமுனையில் அரண்மனைக்காரத் தெரு இருக்கிறதே, அங்கே அரண்மனையும் கிடையாது, அரண்மனைக்காரரும் கிடையாது. ஆர்மீனியன் தெரு நம் வாயில் அப்படியானது. 1772ல் ஆர்மீனியர்கள் கட்டிய தேவாலயம் இன்றும் மணிக்கூண்டோடு நிற்கிறது. திராட்சை இலையில் சோறும் கறியும் பொதிந்து சாப்பிடுகிற மக்கள் ஆர்மீனியர்கள். உங்கள் கிரேக்கக் கடையிலும் அது கிடைக்கும். ஆனால் இங்கே அந்தத் தெருவில் அப்படி ஒரு இலையை யாரும் விற்றதாகத் தெரியவில்லை. வந்தவர்கள் பட்டும் ரத்தினமும் விற்ற பெரிய வியாபாரிகள். தெருவில் அடுப்பு வைக்கிற நிலை அவர்களுக்கு வரவில்லை. பர்மாக்காரர்களுக்கு வந்தது, மெல்பர்னில் இறங்கிய கிரேக்கர்களுக்கும் வந்தது. அங்கே இறங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் சென்னையில் இறங்கியிருந்தால், காசிமேட்டில் மீன் பக்கத்தில் சுவ்லாக்கி, அதாவது கம்பியில் கோத்த கறி, சுடப்பட்டிருக்கும். நாமும் மிளகாய்ப்பொடி தூவிச் சாப்பிட்டிருப்போம்.

மிளகாய் சாஸ் விஷயத்தில் நான் அந்தப் பெண்ணின் பக்கம். அடுத்த முறை ஆரிகானோவும் எலுமிச்சையும் கூடக் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். கொடுப்பாள்.

டிசம்பரில் வருவதாகக் கடிதத்தின் கீழே எழுதியிருந்தீர்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு பீச் ஸ்டேஷனில் இறங்குங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குள் வந்துவிட்டால் நல்லது. ஏழரைக்கு மேல் அக்காவிடம் பேஜோ இருக்காது. இன்னொரு விஷயம், ஆயாவிடம் சூடு பண்ணித் தரச் சொல்லிக் கேட்டது நான்தான் என்று சொல்லாதீர்கள். அவர் இன்னும் மறக்கவில்லை.