மறு: இருப்பில் உள்ளதையே மீண்டும் மீண்டும் கேட்கிறார்கள்

கிடங்கில் இருக்கும் உதிரிபாகத்தையே படைப்பிரிவுகள் மூன்று முறை கேட்டு எழுதுகின்றன, புதிய மென்பொருள் வாங்கினால் தீருமா என்று கேட்டிருந்தீர்கள். தீராது. அவர்களுக்கு உங்கள் பதிவேட்டின் மேல் நம்பிக்கை இல்லை, அதுதான் நோய். 1991 வளைகுடாப் போரில் அமெரிக்கப் படைக்கு இதுவே நேர்ந்தது. ஏறக்குறைய 40,000 கொள்கலன்கள் போய்ச் சேர்ந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் பாதிக்கும் மேற்பட்டவற்றைத் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று. கேட்ட பொருள் எங்கே என்று அறியாத பிரிவுகள் மறுபடியும் கேட்டன, குவியல் வளர்ந்தது.

முதலில் பொருள்களின் அடையாள எண்களைச் சரிசெய்யுங்கள். நேட்டோ ராணுவக் கூட்டணி ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் தரும் 13 இலக்க எண்ணைப் போல, ஆலை, கிடங்கு, போர்முனை மூன்றிலும் ஒரு பொருளுக்கு ஒரே எண் வேண்டும். பிறகு, கோரிக்கை எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கேட்டவரே பார்க்க வழி செய்யுங்கள். வாகன உதிரிபாகங்களிலிருந்து தொடங்குங்கள்.